சம்பளமில்லாத கோடைப் பணி: மகளிடம் வேண்டாம் என்று சொல்லும் முன்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் முதலாண்டு சட்டம் படிக்கும் உங்கள் மகளுக்கு, வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்படும் ஏழைகளுக்காக வழக்காடும் சட்ட உதவி அமைப்பு ஒன்றில் கோடைக்காலப் பணி கிடைத்திருக்கிறது. சம்பளம் கிடையாது. "இவ்வளவு செலவழித்துப் படிக்க வைத்த பிறகு, சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் நாமே பணம் அனுப்பி இலவசமாக வேலை செய்ய விடுவதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனாலும் இப்போதைக்கு மறுத்துவிடாதீர்கள். அந்த அமைப்பு தராத பணத்தைப் பல இடங்களில் சட்டக் கல்லூரியே தருகிறது.

அந்த அமைப்பு கஞ்சத்தனத்தால் சம்பளம் தராமல் இல்லை. குற்ற வழக்கில் சிக்கும் ஏழைக்கு அரசே தன் செலவில் ஒரு வழக்கறிஞரை அமர்த்தித் தர வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-இல் கிடியன் வழக்கில் தீர்ப்பளித்தது. வீட்டை இழப்பவருக்கு நாடு முழுவதற்குமான அப்படி ஓர் உரிமை இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப முயலும் அமைப்புகளுக்குப் பணம் எப்போதும் போதுவதில்லை. குறைந்த வருமானம் உள்ளவர்களின் உரிமையியல் பிரச்சினைகளில் 92 சதவீதத்துக்குப் போதிய சட்ட உதவி கிடைப்பதில்லை, அல்லது உதவியே கிடைப்பதில்லை என்று சட்ட உதவி அமைப்புகளுக்கு அரசு நிதியைப் பகிர்ந்தளிக்கும் லீகல் சர்வீசஸ் கார்ப்பரேஷன் 2022-இல் அறிக்கை வெளியிட்டது. ஆள் பற்றாக்குறை உள்ள இடம் என்பதால் உங்கள் மகள் அங்கே கோப்பு அடுக்கிக்கொண்டிருக்க மாட்டாள். கட்சிக்காரரிடம் பேசுவாள், மனு எழுதுவாள். முதல் கோடையில் இதைச் செய்தவர்களைப் பெரிய சட்ட நிறுவனங்களும் பின்னர் ஒதுக்குவதில்லை.

இனி பணத்துக்கு வருவோம். ஹார்வர்ட், கொலம்பியா, நியூயார்க் பல்கலைக்கழகம் போன்ற சட்டக் கல்லூரிகளில், நிபந்தனைகளை நிறைவுசெய்யும் மாணவர்களுக்குப் பொதுநலக் கோடைப் பணிக்கான உதவித்தொகை உறுதி. வேறு பல கல்லூரிகளில் மாணவர்களின் பொதுநலச் சட்ட அமைப்பு ஆண்டுதோறும் ஏலம் நடத்திப் பணம் திரட்டி, விண்ணப்பித்தவர்களில் சிலருக்குத் தருகிறது. அந்த ஏலத்துக்கு உழைத்த மணிநேரங்களையும் தகுதியாகக் கேட்பார்கள். உங்கள் மகளின் கல்லூரி இதில் எந்த வகை என்பதை இந்த வாரமே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். வேலை உறுதியான பிறகு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருந்து, கடைசித் தேதியைத் தவறவிடுவது ஆண்டுதோறும் நடக்கிறது. எத்தனை வாரம், வாரத்துக்கு எத்தனை மணிநேரம் வேலை செய்தால் முழுத்தொகை கிடைக்கும் என்பதையும், வெளியிலிருந்து வேறு உதவித்தொகை வந்தால் இதைக் குறைப்பார்களா என்பதையும் எழுத்தில் பெறட்டும்.

வெளி உதவிகளும் உண்டு. ஈக்வல் ஜஸ்டிஸ் அமெரிக்கா, ஏழைகளுக்கான உரிமையியல் சட்டப் பணிக்கு உதவித்தொகை தருகிறது. அதன் பட்டியலில் அவளுடைய கல்லூரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெகி பிரௌனிங் நிதி தொழிலாளர் உரிமைப் பணிக்கானது, இந்த வேலைக்குப் பொருந்தாது. மற்றவற்றை, பொதுநலச் சட்ட வேலைகளையும் உதவித்தொகைகளையும் பட்டியலிடும் பிஎஸ்ஜேடி (PSJD) இணையதளத்தில் தேடலாம்.

அவள் எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் இருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் கவனம் அதிகம் தேவை. வகுப்புத் தோழர்கள் பேசும் ஃபெடரல் வொர்க்-ஸ்டடி, அதாவது மாணவர்களின் வேலைக்குச் சம்பளம் தர உதவும் அரசுத் திட்டம், அவளுக்குக் கிடையாது. கல்லூரியின் சொந்த நிதிக்குப் பல இடங்களில் குடியுரிமைத் தடை இல்லை, ஆனாலும் கேட்டு உறுதி செய்ய வேண்டும். சம்பளமில்லாத வேலைக்கு அனுமதி எதற்கு என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். வேலை தொடங்கும் முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் போய், சிபிடி எனப்படும் பயிற்சி அனுமதி தேவையா என்று அவள் கேட்டே ஆக வேண்டும். ஓராண்டுப் படிப்பு முடிந்திருந்தால் பொதுவாக அதற்குத் தகுதி வந்துவிடும். சில கல்லூரிகள் அந்த அனுமதிக்காக ஒரு பாடத்தில் பதிவு செய்யச் சொல்கின்றன. கோடைப் பாடத்துக்குக் கட்டணம் உண்டென்றால் உதவித்தொகையின் ஒரு பகுதி அதிலேயே கரைந்துவிடும். மிகக் குறைந்த கிரெடிட்டில் பதிவு செய்ய வழி இருக்கிறதா என்று முதலிலேயே விசாரிப்பது நல்லது. படிப்பு முடிந்தபின் கிடைக்கும் ஓபிடி வேலை அனுமதி பறிபோய்விடுமோ என்ற உங்கள் பயத்துக்கு இடமில்லை. முழுநேர சிபிடி பன்னிரண்டு மாதங்களை எட்டினால்தான் அந்தச் சிக்கல் வரும். ஒரு கோடை அதற்கு அருகில்கூட வராது.

வாழ்க்கைச் செலவுக்கான உதவித்தொகை பெரும்பாலும் வரிக்கு உட்பட்டது. கல்லூரியே வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பதும் உண்டு. அறிவிப்பில் உள்ள தொகையை அப்படியே நம்பி வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். வேறு நகரத்துக்குப் போவதாக இருந்தால், இப்போது இருக்கும் அறையைக் கோடைக்கு மட்டும் வேறொருவருக்கு உள்வாடகைக்கு விட முடியுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்கட்டும். இரண்டு வாடகை கட்டும்போதுதான் கணக்கு உடைகிறது.

கடைசியாக, பணம் எந்தத் தேதியில், எத்தனை தவணையில் கைக்கு வரும் என்று கேட்டு எனக்கு எழுதச் சொல்லுங்கள். வேலை தொடங்கிச் சில வாரங்கள் கழித்து முதல் தவணை வரும் என்றால், முன்பணத்துக்கும் முதல் மாத வாடகைக்கும் நீங்கள் கைகொடுக்க வேண்டியிருக்கும். அந்தத் தொகை எவ்வளவு என்பதை அதன் பிறகு நாம் சேர்ந்து கணக்கிடலாம்.