குதிரைப் பால் குமிஸ்: மகன் குடிக்கலாமா, தாத்தாவுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: கிர்கிஸ்தானில், பிஷ்கெக்கில் என் மகன் மருத்துவம் படிக்கிறான். சிறு வயதிலிருந்தே அவனுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, வயிறு உப்பிவிடும். கோடையில் நண்பன் வீட்டாரோடு மலை மேய்ச்சலுக்குப் போனவன், குமிஸ் என்ற புளித்த குதிரைப் பாலைக் குடித்தும் எதுவும் ஆகவில்லை என்கிறான். காசநோய்க்கு மாத்திரை சாப்பிடும் தாத்தாவுக்கு ஒரு பாட்டில் கொண்டுவரட்டுமா என்று கேட்கிறான்.

பதில்: தாத்தாவுக்கு வேண்டாம், அம்மா. குமிஸில் பெரும்பாலும் 1 முதல் 3 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கும். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் போன்ற காசநோய் மருந்துகளே கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. அவற்றோடு ஆல்கஹால் சேரவே கூடாது.

காசநோய்க்குக் குமிஸ் நல்லது என்ற நம்பிக்கை அங்கே பழையது. 1858-ல் ரஷ்யாவின் சமாரா நகர் அருகே போஸ்ட்னிகோவ் என்ற மருத்துவர் குமிஸ் சிகிச்சை நிலையமே தொடங்கினார். காசநோய் கண்டிருந்த ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1901-ல் குமிஸ் குடிப்பதற்காகவே அதே நாட்டின் உஃபா பக்கம் போய்த் தங்கினார். உடம்பு சற்றுத் தேறியது, நோய் தீரவில்லை, 1904-ல் இறந்தார். அன்று காசநோய்க்கு மருந்தே கிடையாது. இன்று இருக்கிறது. ஒரு வேளைகூட விடாமல் தாத்தா மாத்திரையை முடிக்கட்டும்.

மகன் சொல்வது உண்மைதான். பசும்பாலைவிடக் குதிரைப் பாலில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை அதிகம். ஆனால் புகையூட்டிய தோல் பையில் ஊற்றி, மரத் துடுப்பால் திரும்பத் திரும்பக் கடையும்போது பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் அந்தச் சர்க்கரையில் பெரும்பகுதியைத் தின்று அமிலமாகவும் ஆல்கஹாலாகவும் வாயுவாகவும் மாற்றிவிடுகின்றன. கேசின் புரதம் குறைவு என்பதால் அது நம் தயிர்போல உறைவதில்லை. நீர்க்க, புளிப்பாக, நாக்கில் சுள்ளென்று நுரைக்கும். பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி மங்கோலியப் பெரியவர்கள் பெரும்பாலோருக்கு இல்லை. ஆனாலும் அவர்கள் அந்த நாட்டில் ‘ஐராக்’ எனப்படும் இதே பானத்தைக் கோடை முழுவதும் குடிக்கிறார்கள்.

என் கவலை வேறு. மேய்ச்சல் நிலத்துக் குமிஸ் காய்ச்சாத பாலில் செய்வது. புருசெல்லா போன்ற கிருமிகளைப் புளிப்பு மட்டுமே கொன்றுவிடும் என்று நம்ப முடியாது. ஆகவே பதப்படுத்திய பாலில் தயாரித்தது என்று லேபிளில் இருக்கும் பாட்டில் குமிஸை அவன் அளவாகக் குடிக்கலாம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் எந்தக் குமிஸையும் தொட வேண்டாம்.

குடித்துச் சில வாரங்கள், சில மாதங்கள் கழித்துக்கூட விட்டுவிட்டுக் காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டு அல்லது இடுப்பு வலி வந்தால், காய்ச்சாத பால் குடித்ததை மருத்துவரிடம் அவனே சொல்ல வேண்டும். விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கும்போது காய்ச்சல் கண்டால் இங்கே டெங்கு, டைஃபாய்டு என்றுதான் முதலில் தேடுவார்கள். புருசெல்லாவுக்கான ரத்தப் பரிசோதனையை அவன் கேட்டுச் செய்துகொள்ளட்டும்.