கார் சுக்குநூறாகிறது, டிரைவர் எழுந்து நடந்து போகிறார். கார் பந்தய விபத்துகளில் இது எப்படிச் சாத்தியம்?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. அவ்வளவு வேகத்தில் மோதியும் டிரைவர் எப்படிப் பிழைக்கிறார் என்பது ஒன்று. அப்படியானால் இப்போது இந்த விளையாட்டில் ஆபத்தே இல்லையா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்: இருக்கிறது. முதலாவதுக்குத்தான் கொஞ்சம் நேரம் வேண்டும். நான் இன்ஜினியர் இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக ரேஸ் பார்க்கிறவன், பார்த்த விபத்துகளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தவன், அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிவியில் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிற விபத்துதான் ஆளைக் கொல்லும் என்று நினைக்காதீர்கள். பல நேரம் நடப்பது நேர்மாறு.

2001 பிப்ரவரி 18, அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயத் தொடரில் டேடோனா 500 ரேஸ். அன்று ஒரே ரேஸில் இரண்டு விபத்துகள். முதலாவதில் டோனி ஸ்டூவர்ட்டின் கார் மற்ற கார்களுக்கு மேலே பறந்து, காற்றில் புரண்டு வந்து விழுந்தது. பார்த்தவர்கள் ஆள் போய்விட்டார் என்றே நினைத்திருப்பார்கள். மூளை அதிர்ச்சியோடும் தோள் காயத்தோடும் தப்பினார். இரண்டாவது, கடைசிச் சுற்றின் கடைசி வளைவில். டேல் எர்ன்ஹார்ட்டின் கார் மேட்டுப் பக்கம் ஏறி, சுவரில் முட்டி, மெல்லச் சறுக்கிப் புல்தரைக்கு இறங்கியது. புரளவில்லை, தீப்பிடிக்கவில்லை. அந்தத் தொடரில் வாரா வாரம் நடக்கிற மோதல் போலத்தான் இருந்தது. அதில்தான் எர்ன்ஹார்ட் செத்துப்போனார். ஏழு முறை சாம்பியன்.

காரணம் சாதாரண பள்ளிக்கூடக் கணக்கு. 200 கிமீ வேகத்தில் போகும் கார் ஒரே மீட்டர் தூரத்தில் நின்றால், உள்ளே இருப்பவர் மீது சராசரியாக 157 ஜி விழும், அதாவது அவர் எடையைப் போல 157 மடங்கு. அதே வேகம் நான்கு மீட்டரில் குறைந்தால் 39 ஜி. பெல்ட்டில் நன்றாகக் கட்டப்பட்ட உடம்பு ஒரு கணம் மட்டும் என்றால் இதைத் தாங்கிவிடும். கார் புரள்வது, உருள்வது, சக்கரம் பிய்த்துக்கொண்டு போவது, மூக்கு நொறுங்குவது எல்லாமே அந்த வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கும் வழிகள். நாம் பார்த்து அலறுகிற காட்சியே டிரைவருக்குக் கிடைக்கும் அவகாசம். சுவரில் முட்டி அப்படியே நின்றுபோகும் கார் மொத்தக் கணக்கையும் உடம்பிடமே தீர்த்துக்கொள்ளும்.

அதனால் கார் நொறுங்க வேண்டும், ஆனால் டிரைவர் உட்கார்ந்திருக்கும் கூடு மட்டும் நொறுங்கக் கூடாது. ஃபார்முலா ஒன் காரின் நடுவில் இருக்கும் கார்பன் ஃபைபர் கூடு இந்தக் கணக்கில்தான் கட்டப்படுகிறது. 1981-இல் மெக்லாரன் முதல்முறையாக அதைக் கொண்டுவந்தபோது, மோதினால் தூளாகிவிடும் என்று பேசினார்கள். அதே வருஷம் மோன்சாவில் ஜான் வாட்சன் தடுப்பில் மோதினார், இன்ஜின் தனியாகப் பிய்ந்து போனது, அவர் இறங்கி நடந்து வந்தார். அதற்கப்புறம் பேச்சு அடங்கிவிட்டது.

சரி, கூடு உடையவில்லை, பெல்ட் உடம்பைப் பிடித்துக்கொண்டது. தலையை யார் பிடிப்பது? எனக்கு இந்தக் கதையிலேயே ஆறாத இடம் இதுதான்.

தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறு ஆறரைக் கிலோ இருக்கும். உடம்பு பெல்ட்டில் நின்றுவிட, தலை மட்டும் முன்னால் பாய்கிறது. 60 ஜி மோதலில் அந்த ஆறு கிலோ கிட்டத்தட்ட 400 கிலோ மாதிரி கழுத்தை இழுக்கும். கழுத்து எலும்போடு சேரும் மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்துவிடும். எர்ன்ஹார்ட்டுக்கு நடந்தது அதுதான். 1994-இல் இமோலாவில், அயர்டன் சென்னா இறப்பதற்கு முந்தைய நாள் இறந்த ரோலண்ட் ராட்ஸன்பெர்கருக்கும் அதே காயம்.

இதற்கான மருந்து அப்போதே கடையில் இருந்தது. பெயர் ஹான்ஸ். பாப் ஹப்பர்ட் என்ற உயிரியந்திரவியல் பேராசிரியரும் அவருடைய மைத்துனரான பந்தய டிரைவர் ஜிம் டவுனிங்கும் 1980-களில் செய்தது. அவர்களுக்குத் தெரிந்த ஒரு டிரைவர் 1981-இல் மோதலில் இறந்துபோக, அதற்கப்புறம் இதில் இறங்கினார்கள். பார்ப்பதற்குப் பெரிய விஷயமாகவே இருக்காது. குதிரை லாடம் மாதிரி ஒரு கழுத்துப்பட்டை, இரண்டு கால்கள் தோள் வழியாக மார்பின் மேல் இறங்கும், அவற்றின் மேல் தோள் பெல்ட் அழுத்தி உட்காரும். கழுத்துக்குப் பின்னால் நிற்கும் பட்டையிலிருந்து இரண்டு சின்ன நாடாக்கள் ஹெல்மெட்டின் இரு பக்கமும் மாட்டியிருக்கும். மோதும்போது அந்த நாடா தலையைப் பிடித்து, இழுவையைக் கழுத்துக்குப் போகவிடாமல் தோள் பெல்ட்டுக்கு மாற்றிவிடும். நகரும் பாகமோ மின்சாரமோ கிடையாது.

பல டிரைவர்கள் வேண்டாம் என்றார்கள். தோளில் உறுத்துகிறது, திரும்பிப் பார்க்க முடியவில்லை, தீப்பிடித்தால் மாட்டிக்கொள்வோம் என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். எர்ன்ஹார்ட் இறந்த அன்று டேடோனாவில் அதைப் போட்டிருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். அதே வருஷம் அக்டோபரில் நாஸ்கார் கழுத்துப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியது, 2003-இல் ஃபார்முலா ஒன்னும் ஹான்ஸைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகு நாஸ்காரின் உச்சத் தொடரில் ரேஸ் விபத்தில் ஒரு டிரைவரும் இறக்கவில்லை. ஹான்ஸ் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். இரும்புக் குழாய்க்குப் பின்னால் நுரை வைத்த 'சேஃபர்' சுவர் 2002-இல் இண்டியானாபொலிஸில் வந்து, பெரும்பாலான ஓவல் தடங்களுக்குப் பரவியது. அதற்கும் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் கையில் இருந்த பொருளைப் போட்டுக்கொள்ள இத்தனை வருஷம் ஆனது என்பதை இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அடுத்தது தீ. பழைய காலத்து டிரைவர்களுக்கு மோதலைவிட இதுதான் பெரிய பயம். 1973-இல் ஸாண்ட்வோர்ட்டில் ரோஜர் வில்லியம்சன் கவிழ்ந்த காருக்கு அடியில் மாட்டிக்கொண்டு எரிந்தபோது, டேவிட் பர்லி என்ற சக டிரைவர் தன் காரை நிறுத்திவிட்டு ஓடி வந்து தனியாளாக அதைப் புரட்டப் பார்த்தார். தடத்தோரம் நின்று உதவும் மார்ஷல்களிடம் தீ தாங்கும் உடைகூட இல்லை. அந்தக் காட்சிப்பதிவு இன்னும் இருக்கிறது. ஒருமுறை பார்த்தேன், மறுபடி பார்க்க மாட்டேன்.

2020 நவம்பர் 29, பஹ்ரைன். இதை நான் நேரலையில் பார்த்தேன். முதல் சுற்று, மூன்றாவது வளைவு தாண்டியதும் திரையின் ஓரத்தில் ஒரு பெரிய தீப்பந்து. கேமரா உடனே வேறு பக்கம் போய்விட்டது. டிரைவர் நன்றாக இருக்கிறார் என்று தெரியும்வரை ரீப்ளே போட மாட்டார்கள், அது வழக்கம். வருஷக்கணக்காக ரேஸ் பார்க்கிறவர்களுக்கு ரீப்ளே வராத நேரம்தான் மிக நீளமானது. நான் சோபாவிலிருந்து எழுந்து நின்றது எப்போது என்று எனக்கே தெரியவில்லை.

ரொமான் க்ரோஷானின் கார் 192 கிமீ வேகத்தில் இரும்புத் தடுப்பில் குத்தியிருந்தது. 67 ஜி. பின்பாதி தனியாகப் பிய்ந்துவிட்டது, முன்பாதி இரும்புப் பட்டைகளுக்கு நடுவே துளைத்துக்கொண்டு போய் நின்றது, எரிபொருள் பற்றிக்கொண்டது. உள்ளே அவர் சுயநினைவோடு இருந்தார். இதைத்தான் கவனிக்க வேண்டும். ஹான்ஸ் இல்லாமல் 67 ஜி என்றால் சுயநினைவே இருந்திருக்காது. டிரைவர் உட்காரும் காக்பிட்டுக்கு மேலே இருக்கும் ஹாலோ என்ற வளைவு இல்லாவிட்டால் அந்த இரும்புப் பட்டை தலையைத்தான் சந்தித்திருக்கும். எழப் பார்த்தார், மேலே எதுவோ இடித்தது. மறுபடி உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்தார், முடியவில்லை. 1976-இல் எரியும் காரில் மாட்டிக்கொண்ட டிரைவர் நிக்கி லாடா நினைவுக்கு வந்ததாகப் பிறகு சொன்னார். இடது கால் பெடல் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது. காலை இழுத்தார், ஷூ அங்கேயே நின்றுவிட்டது, கால் வந்துவிட்டது. சிவப்புக் கையுறைகள் கண்ணெதிரே கறுத்து உருகுவதைப் பார்த்துக்கொண்டே வெளியே ஏறினார். தீக்குள் 27 விநாடி. தடுப்பின் அந்தப் பக்கம் அவரை வாங்கிக்கொண்டவர் மெடிக்கல் காரில் வந்த டாக்டர் இயன் ராபர்ட்ஸ்.

மெடிக்கல் கார் அங்கே எப்படி வந்தது? முதல் சுற்றில் எல்லாக் கார்களுக்கும் பின்னால் அது ஓட வேண்டும் என்பது விதி. 1978-இல் மோன்சாவில் ரேஸ் தொடங்கியவுடன் நடந்த மோதலில் ரானி பீட்டர்சனுக்கு உதவி வரத் தாமதமாகி, மறுநாள் அவர் இறந்தார். அப்போதைய மருத்துவத் தலைவர் சிட் வாட்கின்ஸ் பிடிவாதமாக நின்று வாங்கிய விதி இது. 42 வருஷம் கழித்து க்ரோஷானுக்குப் பலித்தது. கைகளில் தீக்காயம். அடுத்த வருஷம் அவர் இண்டிகார் என்ற அமெரிக்கப் பந்தயத் தொடரில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஹாலோ பற்றி ஒரு சின்ன வேடிக்கை. 2009 ஜூலையில், ஆறே நாள் இடைவெளியில், ஹென்றி சர்டீஸ் பறந்து வந்த சக்கரம் தலையில் பட்டு இறந்தார், ஃபெலிப்பே மாஸா முன்னால் போன காரிலிருந்து கழன்ற ஸ்பிரிங் ஹெல்மெட்டில் மோதி மண்டை உடைந்தார். திறந்த காக்பிட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற பேச்சு அதிலிருந்து சூடுபிடித்து, 2018-இல் ஹாலோ வந்தது. சுமார் 12 டன் சுமையைத் தாங்கும் டைட்டானியம் வளைவு. ரசிகர்கள் ரப்பர் செருப்பின் வார் என்று கிண்டல் செய்தார்கள். உண்மையைச் சொன்னால் நானும் செய்தேன். க்ரோஷானே அதை எதிர்த்தவர். கையில் ரம்பம் கொடுத்தால் அறுத்துப் போடுவேன் என்ற பொருளில் மெர்சிடிஸ் அணித் தலைவர் டோட்டோ வோல்ஃப் பேசினார். 2021 மோன்சாவில் வெர்ஸ்டாப்பனின் பின்சக்கரம் ஏறி உட்கார்ந்தது வோல்ஃபின் டிரைவர் ஹாமில்டனின் ஹாலோ மேலே.

இனி மிச்சமிருக்கும் ஆபத்து. பக்கவாட்டு மோதலுக்கு இன்னும் சரியான பதில் இல்லை. 2019-இல் ஸ்பாவில் ஃபார்முலா 2 ரேஸில் அந்துவான் ஹ்யூபெர் தடுப்பில் மோதித் திரும்பி வந்து தடத்தோரம் நிற்க, அவர் காரின் விலாவில் இன்னொரு கார் பெரும் வேகத்தில் குத்தியது. ஹாலோ, ஹான்ஸ் எல்லாம் இருந்தும் பிழைக்கவில்லை. விலாப் பக்கம் நொறுங்குவதற்கு இடமே குறைவு, மேலே சொன்ன கணக்கு அங்கே தோற்றுவிடுகிறது.

மனிதத் தவறு இன்னொன்று. 2014-இல் சுசூகாவில் மழையில் ழூல் பியான்கி, வேறொரு காரைத் தூக்கிக்கொண்டிருந்த டிராக்டரில் மோதினார். அடுத்த வருஷம் இறந்தார். அதன் பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் வேகத்தைக் குறைக்க வைக்கும் விர்ச்சுவல் சேஃப்டி கார் முறை வந்தது. எட்டு வருஷம் கழித்து அதே சுசூகா, அதே மழை, தடத்தில் மறுபடி ஒரு மீட்பு வண்டி, அதை ஒட்டியே கடந்து போனார் பியர் காஸ்லி. ரேடியோவில் அவர் கத்தியதில் தப்பே இல்லை.

மார்ஷல்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 2000-இல் மோன்சாவிலும் 2001-இல் மெல்பர்னிலும் பறந்து வந்த சக்கரம் பட்டுத் தலா ஒரு மார்ஷல் இறந்தார். அவர்களுக்கு ஹாலோவும் கிடையாது, கூடும் கிடையாது. பெரும்பாலும் சம்பளம்கூட இல்லாமல் வருகிறவர்கள்.

2022 சில்வர்ஸ்டோனைச் சொல்லி முடிக்கிறேன், ஏனென்றால் யாரும் எதிர்பார்க்காதது இன்னும் நடக்கும் என்பதற்கு அதுதான் எனக்கு நினைவில் நிற்கிறது. தொடக்கத்திலேயே ஜோ குவான்யூவின் கார் தலைகீழாகக் கவிழ்ந்தது. தலைக்கு மேலே இருக்கும் ரோல் ஹூப் உடைந்துபோக, ஹாலோ மட்டுமே தரையில் தேய்ந்துகொண்டு போனது. ஜல்லியைத் தாண்டி, டயர் தடுப்பையும் எகிறிக் குதித்து, தடுப்புக்கும் பார்வையாளர் வேலிக்கும் நடுவில் இருந்த குறுகிய சந்தில் பக்கவாட்டில் செருகி நின்றது. ரோல் ஹூப்புக்கான விதியை அடுத்த வருஷமே இறுக்கினார்கள். ஆனால் அன்றைக்கு மீட்புக்காரர்களுக்கு அந்தச் சந்தில் கை நுழைக்கவே இடமில்லை. உள்ளே ஜோ, தீப்பிடித்தால் வெளியே வர வழியில்லை என்று தெரிந்து, முதல் வேலையாக இன்ஜினை அணைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.