லண்டன் குழாய்த் தண்ணீரில் காய்ச்சிய பீரில் ஏன் மருந்து வாடை அடிக்கிறது?

பெரும்பாலும் காரணம், கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரின்தான். அது மால்ட்டில் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) உள்ள ஃபீனால் என்ற சேர்மங்களோடு சேர்ந்து குளோரோஃபீனால் ஆகிவிடும். துளியூண்டு இருந்தாலும் மூக்குக்குத் தெரிந்துவிடும். வெறும் குளோரின் கொதித்தாலே போய்விடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் லேசில் போகாது. அதற்குக் கேம்ப்டன் மாத்திரை (ஒரு சல்ஃபைட் மாத்திரை): 40 லிட்டருக்கு அரை மாத்திரையைப் பொடித்துக் கலக்கினால் சில நிமிடங்களில் வேலை முடிந்தது. இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, கடினத்தன்மை. உங்கள் கெட்டில் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது பைகார்பனேட் நிறைந்த தண்ணீரின் அடையாளம். மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது பிஎச் (புளிப்பின் அளவு; எண் குறைந்தால் புளிப்பு கூடுதல்) 5.2–5.6க்குள் இருக்க வேண்டும். பைகார்பனேட் அதை மேலே தூக்கிவிடும். வறுத்த மால்ட்டின் புளிப்பு அதைச் சரிக்கட்டும். லண்டனில் போர்ட்டர் என்ற கறுத்த பீர் செழித்ததற்கு இதுவும் ஒரு காரணம். வெளிர் பீர் என்றால் லாக்டிக் அமிலம் சேருங்கள், பிஎச் பார்த்துப் பார்த்து.