மூணு வயசுக் கிழவன்

இந்த தடவை ஒரே பிராணி தான், மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க. வயசான ஜெர்பில் (வீட்ல செல்லமா வளக்கற பாலைவன எலி ஜாதி) பத்தி ஒரு கடிதம் வந்துச்சு, அதை படிச்சிட்டு பழைய கடிதக் கட்டை கிளறினா அதே மாதிரி இன்னும் கொஞ்சம் கிடைச்சுது. எல்லாத்தையும் சேர்த்தே பாத்துடலாம்.

கேள்வி: அக்கா, எங்க ஜெர்பில் பேரு கடலை, ஆண், 3 வயசு முடிஞ்சு 2 மாசம் ஆச்சு. ஒரு வாரமா மூலையிலயே உக்காந்திருக்கான், முதுகு கூனி, முடியெல்லாம் சிலிர்த்துப் போய், கண்ணு பாதி தான் திறக்கறான். மூக்கைச் சுத்தி சிவப்பா இருக்கு, ரத்தமோன்னு பயந்துட்டேன். சூரியகாந்தி விதை குடுத்தா ஆசையா வாங்கறான், ஆனா உரிக்காம கீழ போட்டுடறான். கிண்ணத்துல வச்ச தீனி மட்டும் காலி ஆகுது, அதனால சாப்பிடறான்னு நினைக்கறேன். எலிக்கெல்லாம் டாக்டரான்னு வீட்ல சிரிக்கறாங்க. வயசாச்சுன்னு விட்டுடறதா?

பதில்: சிரிக்கறவங்க சிரிக்கட்டும், நீங்க டாக்டருக்கு போன் போடுங்க, அதுவும் இன்னைக்கே. ஜெர்பில் சாதாரணமா 3 வருஷம் இருக்கும், சிலது 4 வரைக்கும் ஓட்டும், அதனால கடலை கிழவன் தான், மறுக்கல. ஆனா "வயசாச்சு"ங்கறது ஒரு நோயோட பேரு இல்லியே. விதையை ஆசையா வாங்கிட்டு உரிக்க முடியாம போடறான்னா பசி இருக்கு, வாய் தான் ஒத்துழைக்கல. இதுங்களுக்கு முன்பல்லு சாகற வரைக்கும் வளந்துக்கிட்டே இருக்கும், கடிச்சு கடிச்சுத் தான் தேயணும், கடிக்கறது குறைஞ்சா பல்லு கோணலா நீண்டு வாயையே குத்த ஆரம்பிச்சிடும். டாக்டர் பல்லை சரி பண்ணி விட்டதும் அன்னைக்கு சாயங்காலமே உக்காந்து தின்ன ஜெர்பிலை நான் கண்ணால பாத்திருக்கேன். நீங்களா நகவெட்டி எடுத்துடாதீங்க, பல்லு நெடுக்க பிளந்துடும்.

மூக்குல சிவப்பு பெரும்பாலும் ரத்தம் இல்ல. கண்ணுக்குப் பின்னாடி ஒரு சுரப்பி இருக்கு, அதுல இருந்து சிவப்பு நிறமி கலந்த நீர் வரும், நல்லா இருக்கற ஜெர்பில் முகம் கழுவற மாதிரி கையால தேச்சு துடைச்சிடும். உடம்பு முடியலைன்னா துடைக்காது, அதான் சேர்ந்து நிக்குது. ஈர டிஷ்யூல மெதுவா ஒத்தி எடுங்க, ஆனா ஏன் துடைக்கலைங்கறது தான் கேள்வி. காதுகிட்ட வச்சுக் கேட்டா மூச்சுல டிக் டிக்னு சத்தம் வருதா, விலா எழும்பி எழும்பி மூச்சு வாங்குதான்னு பாருங்க, வந்தா நாளைக்குன்னு தள்ளவே கூடாது.

அப்புறம் அந்த காலி கிண்ணம். நானும் இதுல ஏமாந்திருக்கேன். என்கிட்ட இருந்த கிழவி தினமும் கிண்ணத்தை காலி பண்ணிடுவா, நானும் ஆஹா நல்லா சாப்பிடறான்னு சந்தோஷமா இருந்தேன், பத்து நாள் கழிச்சு படுக்கையை மாத்தும்போது பாத்தா மூலையில ஒரு குவியல், அத்தனையும் முழு விதை. புதைச்சு வைக்கறது அதுங்க ரத்தத்துல ஊறினது, தின்ன முடியலைன்னாலும் புதைக்கும். அதனால கிண்ணத்தை நம்பாதீங்க, தராசை நம்புங்க. சமையலுக்கு வச்சிருக்கற டிஜிட்டல் தராசே போதும், 1 கிராம் வரைக்கும் காட்டணும், ஒரு டப்பாவை வச்சு சைபர் பண்ணிட்டு அதுக்குள்ள கடலையை விடுங்க, தினமும் காலையில ஒரே நேரத்துல, ஒரு நோட்டுல எழுதுங்க. 80 கிராம் ஜெர்பில் 72 ஆச்சுன்னா நமக்கு 8 கிராம்னு தோணும், 60 கிலோ ஆள் 6 கிலோ இளைச்ச கணக்கு அது.

எடை போடும்போதே வயித்தையும் பாத்துடுங்க. நடு வயித்துல முடி இல்லாம நீளவாக்குல மஞ்சளா ஒரு தடம் இருக்கும், அது வாசனைச் சுரப்பி, பிறவியிலயே இருக்கறது, அதைப் பாத்து கட்டின்னு அலறி எழுதினவங்க நிறைய. ஆனா அந்த இடம் தடிச்சு, புண்ணாகி, ரத்தம் கசிஞ்சா அது வேற, கிழட்டு ஆண்களுக்கு அங்க கட்டி வர்றது சகஜம். சின்னதா இருக்கும்போது ஆபரேஷன் பண்ணலாம், இந்த வயசுல மயக்க மருந்தை தாங்குவானாங்கறதை டாக்டர் தான் சொல்லணும்.

போன் பண்ணும்போது எலி, ஹாம்ஸ்டர் மாதிரி சின்னப் பிராணி பாப்பீங்களான்னு முதல்ல கேட்டுக்குங்க, நாய் பூனை மட்டும் பாக்கறவங்க நிறைய. போறதுக்கு முன்னாடி வீட்லயே ஒரு வீடியோ எடுத்துடுங்க, ஏன்னா அங்க போனதும் பயத்துல விறைப்பா நின்னு ஒண்ணுமே இல்லாத மாதிரி நடிப்பான். வேட்டையாடப்படற ஜாதி, நோயைக் காட்டினா முதல்ல சாகறது அது தான்னு அதுக்குத் தெரியும். நமக்கே தெரியற அளவுக்கு கூனி உக்காந்துட்டான்னா நோய் எப்பவோ ஆரம்பிச்சாச்சு, அதனால தான் இன்னைக்கேன்னு அடிச்சு சொல்றேன்.

கேள்வி: ராத்திரி நல்லா இருந்த ஜெர்பில் காலையில ஒரு பக்கமா சாயுது, இடது காலை இழுத்து இழுத்து நடக்குது, தலையும் கோணல். பக்கவாதம் ஜெர்பிலுக்கு வருமா? கூண்டுல என்ன மாத்தணும்?

பதில்: வரும், வயசானதுக்கு நல்லாவே வரும். ஆனா தலை மட்டும் கோணலாகி வட்டம் வட்டமா சுத்தினா காதுக்குள்ள பிரச்சனையா இருக்கலாம், உள்காதுல தொத்து, இல்லன்னா கிழட்டு ஜெர்பிலுக்கு வர்ற ஒரு மாதிரி வளர்ச்சி. வலிப்பு வேற, அது சின்ன வயசுலயே ஆரம்பிக்கும், கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடும். மூணுக்கும் வைத்தியம் வேற வேற, அதனால பேர் வைக்கற வேலையை டாக்டர்கிட்ட விடுங்க. பக்கவாதமா இருந்தா முதல் ரெண்டு மூணு நாள் தான் ரொம்ப முக்கியம், அதை தாண்டிட்டா கொஞ்சம் கொஞ்சமா தேறும், கால் இழுக்கறது மட்டும் நிக்கலாம், அப்படியே மாசக்கணக்குல சந்தோஷமா இருந்ததும் உண்டு.

கூண்டை தரைவீடா ஆக்கிடுங்க. மாடி, ஏணி, சக்கரம் எல்லாம் வெளிய. ஏற முடியாதுன்னு அதுக்குத் தெரியாது, பழக்கத்துல ஏறி விழும். ஆழமா குழி தோண்டற அளவுக்கு மரத்தூள் இருந்தா குறைச்சுடுங்க, பலம் இல்லாதது உள்ள சிக்கி வெளிய வர முடியாம கிடக்கும். பதிலா வாசனை இல்லாத வெள்ளை டிஷ்யூவை கிழிச்சுப் போடுங்க, சக்தி இருந்தா அதுவே கிழிச்சுக்கும், கிழிக்குதான்னு பாக்கறதே உடம்பு எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்க ஒரு வழி. தண்ணி பாட்டிலை படுத்துக்கிட்டே குடிக்கற உயரத்துக்கு இறக்குங்க, கூடவே ஒரு பாட்டில் மூடியில தண்ணி, அதை விட ஆழமா வேண்டாம், தலை கவுந்தா எழுந்திருக்காது. தீனியை கிண்ணத்துல வைக்காம மூக்குக்கு எட்டற மாதிரி தரையில, விதையை நீங்களே உரிச்சு.

சூடு கட்டாயம் வேணும், ஆனா கூண்டுல பாதிக்கு மட்டும். வெதுவெதுப்பான தண்ணி பாட்டிலை துணியில சுத்தி கண்ணாடிக்கு வெளிப்பக்கமா சாய்ச்சு வைங்க, உள்ள வச்சா கடிச்சு ஓட்டை போட்டுடும். ஜாஸ்தியானா நகர்ந்து போக மறுபாதி இருக்கணும். பின்கால் பலமில்லாததுக்கு வயித்துக்குக் கீழ ஒண்ணுக்கு நனைஞ்சு புண்ணாகும், ஈரத் துணியால துடைச்சு உடனே காய வைங்க, குளிப்பாட்டவே கூடாது, பாலைவன வழி வந்தது, ஈரம் ஆகாது. தூக்கும்போது ரெண்டு கையாலயும் அடியில அள்ளுங்க. வாலைப் பிடிச்சா வால்தோல் அப்படியே உருவிக்கிட்டு வந்துடும், இதை எத்தனை தடவை எழுதினாலும் யாராவது பிடிச்சுடறாங்க.

கேள்வி: எங்ககிட்ட நாய்க்கு டாக்டர் குடுத்த வலி மருந்து மிச்சம் இருக்கு. ஒரே ஒரு சொட்டு குடுக்கலாமா?

பதில்: கூடாது. 20 கிலோ நாயும் 80 கிராம் ஜெர்பிலும், 250-ல ஒரு பங்கு, அந்த சொட்டை எப்படி 250 ஆ பிரிப்பீங்க? அதே மருந்தை ஜெர்பிலுக்கும் டாக்டர் எழுதிக் குடுக்கலாம், எடை பாத்து அளவு சொல்லி. மனுஷங்க ஆன்டிபயாடிக் இன்னும் மோசம், ஸ்ட்ரெப்டோமைசின் வகையறா ஜெர்பிலை கொன்னே போட்டுடும். வலியில இருக்குன்னு தோணினா டாக்டர்கிட்ட வாய்விட்டு கேளுங்க, "வலிக்கு என்ன குடுப்பீங்க"ன்னு. கேக்காததால மறந்து போறது உண்டு.

கேள்வி: சாப்பாடே எடுக்கறதில்ல. சிரிஞ்சுல ஊட்டுங்கன்னு டாக்டர் சொன்னாங்க, ஊட்டினா திமிருது, பாதி மூக்குல போயிடுமோன்னு கை நடுங்குது. எத்தனை நாள் இப்படி பண்றது?

பதில்: 1 மில்லி சிரிஞ்சு, ஊசி இல்லாம. டாக்டர் குடுத்த பவுடரோ, இல்ல அதோட வழக்கமான பெல்லட்டை வெந்நீர்ல ஊற வச்சு நைசா மசிச்சதோ, வெதுவெதுப்பா. மல்லாக்க போடவே கூடாது, துண்டுல சுத்தி நிமிர்ந்த வாக்குல பிடிங்க. நேரா வாய்க்குள்ள பீச்சாதீங்க, முன்பல்லுக்குப் பின்னாடி பக்கவாட்டுல ஒரு இடைவெளி இருக்கும், அங்க நுனியை வச்சு ஒரே ஒரு சொட்டு. மெல்லுதா, முழுங்குதா, பாத்துட்டு அடுத்தது. அவசரப்பட்டா நுரையீரலுக்குள்ள போயிடும், அது தான் உண்மையான ஆபத்து. உடம்பு சில்லுனு இருந்தாலோ மயக்கமா கிடந்தாலோ ஊட்டாதீங்க, முதல்ல மெதுவா சூடு பண்ணணும். ரொம்ப திமிருதுன்னா முன்னங்கைல கொஞ்சம் தடவி விட்டுடுங்க, நக்கி நக்கியே கொஞ்சம் உள்ள போகும். ஒண்ணுமே எடுக்காததுக்கு 2, 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை வேணும், ராத்திரியும், அளவு டாக்டர் சொன்னது தான்.

எத்தனை நாள்னா, நாள் கணக்கு இல்லீங்க. ஊட்ட ஊட்ட தானா ஒரு விதையாவது எடுத்தா, எடை நின்னா, தொடருங்க. ஊட்டியும் எடை இறங்குது, சிரிஞ்சைப் பாத்தாலே மூலைக்கு ஓடுதுன்னா நிறுத்தறதைப் பத்தி டாக்டர்கிட்ட பேசுங்க. அந்த புதையல் கிழவிக்கு நான் கடைசியா 6 நாள் ஊட்டினேன், முதல் 3 நாள் அவளுக்காக, அடுத்த 3 நாள் எனக்காக. இப்ப கேட்டா 4-வது நாளே வலியில்லாம அனுப்பி வைக்க டாக்டர்கிட்ட கூட்டிட்டு போயிருப்பேன்.

கேள்வி: தூங்க வச்சிடலாம்னு, அதாவது கருணைக்கொலை பண்ணிடலாம்னு டாக்டர் சொல்றாங்க. என்ன பண்ணுவாங்க? கூட இருக்கற தம்பிக்காரனை இப்பவே பிரிச்சு வைக்கணுமா?

பதில்: முறையா பண்றவங்க முதல்ல மயக்க வாயு குடுப்பாங்க, அது நல்லா ஆழமா மயங்கினப்புறம் தான் ஊசி. இவ்வளவு சின்ன உடம்புல முழிப்போட இருக்கும்போது ஊசி போடறது கஷ்டம், வலிக்கும், அதனால "முதல்ல மயக்கம் குடுப்பீங்களா"ன்னு முன்னாடியே கேட்டுக்குங்க, கேக்கறதுல தப்பே இல்ல. ஃப்ரீசர்ல வைக்கறது, தண்ணியில அமுக்கறதுன்னு யாராவது யோசனை சொன்னா அவங்ககிட்ட பேச்சை அதோட நிறுத்திடுங்க, அது சித்திரவதை.

தம்பியை பிரிக்காதீங்க. அதுங்க வாசனையில தான் அடையாளம் வச்சிருக்கு, சில நாள் பிரிச்சுட்டு திரும்ப விட்டா அந்நியன்னு நினைச்சு கடிச்சு குதறிக்கும். பெரும்பாலும் நோயாளி மேல படுத்து சூடு குடுக்கும், முடி கோதி விடும். கடிச்சாலோ, படுக்க விடாம துரத்தினாலோ மட்டும் அதே தொட்டியில நடுவுல கம்பி வலை போட்டு பிரிங்க. டாக்டர்கிட்டயும் ரெண்டையும் ஒரே டப்பாவுல கூட்டிட்டு போங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் உடலை கொஞ்ச நேரம் அதுகிட்ட வைங்க, மோந்து பாக்கும், சிலது டிஷ்யூ போட்டு மூடக்கூட செய்யும். அன்னைக்கே கூண்டை கழுவி பளபளன்னு ஆக்காதீங்க, பழைய வாசனை கொஞ்ச நாள் இருக்கட்டும்.

கேள்வி: ஆன்ட்டி, எங்க ஜெர்பில் கண்ணை திறந்துக்கிட்டே செத்துப்போச்சு. ரொம்ப வலிச்சதாலயா? (4-ம் வகுப்பு படிக்கற வாசகர்)

பதில்: இல்ல கண்ணா. கண்ணை மூடி வச்சுக்கவும் தசை வேலை செய்யணும், உயிர் போனதும் எல்லா தசையும் தளர்ந்துடும், அதனால கண்ணு திறந்தே நிக்கும், தூக்கத்துல போனதுக்கும் அப்படித்தான் இருக்கும். துணியில சுத்தி வைக்கும்போது நீ விரலால மெதுவா மூடி விட்டாலும் மறுபடி திறந்துக்கும், பயப்படாத.