மாஸ்டர்ஸ் இருக்கட்டும், அந்த 90 வினாடியைப் பாருங்கள்

செந்தூலிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகளுக்குக் கணக்கியல் பட்டம், கோலாலம்பூரில் நான்கு வருட வேலை, கனடாவில் குடியேற ஆசை. "அங்கே மாஸ்டர்ஸ் படித்தால்தான் பிஆர் (நிரந்தரமாகத் தங்கும் உரிமை), வீட்டை அடகு வை" என்று சித்தப்பா பெரியப்பாக்கள் நச்சரிக்கிறார்களாம். மகளோ இனிப் படிக்க மாட்டேன் என்கிறாள். ஆங்கிலத் தேர்விலும் எதிரே ஆள் உட்கார்ந்தால் அவளுக்குப் பேச்சு வராதாம்.

அக்கா, வீட்டை அடகு வைக்காதீர்கள். இதில் மறுபேச்சே இல்லை. படிக்கப் போவது அவள், அவளுக்கே வேண்டாம் என்றால் சொந்தக்காரர்களுக்கு என்ன வந்தது? பட்டமும் அனுபவமும் இருப்பவர் இங்கிருந்தே எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு, அதாவது புள்ளி போட்டு ஆள் எடுக்கும் கனடாவின் குடியேற்ற முறைக்கு, விண்ணப்பிக்கலாம். அதில் வெளிநாட்டு வேலை அனுபவம் உள்ளவர்களுக்கான ஃபெடரல் ஸ்கில்ட் வொர்க்கர் பிரிவுக்கு ஆங்கிலத்தின் நான்கு திறன்களிலும் சிஎல்பி (கனடாவின் மொழித்திறன் அளவுகோல்) 7 வேண்டும். 9ஐ எட்டினால் புள்ளிகள் நன்றாகவே ஏறும். பிஆருக்கு அழைப்பு வரும் என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. மாஸ்டர்ஸ் முடித்தாலும் அதே கதைதான்.

ஆங்கிலத் தேர்வுகளில் ஐஇஎல்டிஎஸ் எல்லோருக்கும் தெரிந்தது, அதில் தேர்வாளரோடு நேருக்கு நேர் பேச வேண்டும், விடுங்கள். எதிரே ஆள் உட்கார்ந்தால் மகளுக்கு வாயடைத்துப் போகிறது என்கிறீர்களே, அப்படியானால் செல்பிப் ஜெனரல் பாருங்கள். கனடா அரசு ஏற்கும் தேர்வு; பேச்சுப் பகுதி முழுக்கக் கணினி மைக்கில்தான். எட்டுக் கேள்விகளில் முதலாவது, ஒருவருக்கு யோசனை சொல்வது. யோசிக்க 30 வினாடி, பேச 90 வினாடி.

ஈப்போவிலிருந்து கேஎல்லுக்கு வேலைக்கு வரும் தோழிக்கு அறை தேட யோசனை சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "பிரிக்பீல்ட்ஸ் நல்ல இடம், பங்சாரும் நல்ல இடம்" என்று அடுக்கினால் 20 வினாடியில் சரக்கு தீர்ந்துவிடும். இரண்டே யோசனை போதும், காரணத்தோடு. "கார் வாங்காதே, எல்ஆர்டி ரயில் நிலையம் பக்கமாகப் பார், பார்க்கிங் காசு மிச்சம். வீட்டுக்காரர் இரண்டு மாத டெபாசிட், முதல் மாத வாடகை, தண்ணீர்-கரண்டுக்கு அரை மாதம் கேட்பார். மூன்றரை மாதப் பணத்தோடு வா, ரசீது இல்லாமல் கொடுக்காதே." இதை ஆங்கிலத்தில் விரித்துச் சொன்னால் நேரம் தானாக நிரம்பும். எல்லா வரியும் 'யூ ஷுட்' என்று தொடங்காமல் 'இஃப் ஐ வேர் யூ', 'வை டோன்ட் யூ' கலந்து வரட்டும். நம் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா' மாமாக் கடையோடு இருக்கட்டும், அங்கேதான் அதற்கு ருசி.

ஆயிரக்கணக்கான வெள்ளிக்குக் கோச்சிங் வேண்டாம். செல்பிப் தளத்தில் இலவச மாதிரித் தேர்வு உண்டு, பதிவு செய்து கேட்க போன் இருக்கிறது. மையம் எங்கே என்று அங்கேயே பார்த்து, பயணச் செலவையும் கணக்கில் சேருங்கள். முடிவு 2 ஆண்டுதான் செல்லும். ஆகவே பட்டச் சான்று மதிப்பீடு (அவள் பட்டம் கனடாப் பட்டத்துக்கு இணையா என்று சொல்லும் அறிக்கை) கைக்கு வரும் நேரத்தை ஒட்டித் தேதி எடுங்கள். அப்புறம், குடியேறக் காட்ட வேண்டிய சேமிப்பில் கடன் வாங்கிய பணம் செல்லாது. இதைப் பெரியப்பாவிடமும் சொல்லிவிடுங்கள்.