பெற்றெடுத்த ஊரும் ஓடிப்போன பிள்ளையும்

கேள்வி: கிரகாம் பெல், ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி தவிர, கனடாவின் பிராண்ட்ஃபோர்டு நகரம் பெற்றெடுத்த பிரபலங்கள் வேறு யார்?

பதில்: ‘பெற்றெடுத்த’ என்று எழுதிவிட்டீர்களே! இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய சண்டை உண்டு. பெல்லைப் பெற்றது ஸ்காட்லாந்தின் எடின்பரோ. அண்ணனையும் தம்பியையும் காசநோய் கொண்டுபோன பிறகு, மிஞ்சிய ஒரே மகனாவது பிழைக்கட்டும் என்று 1870இல் பெற்றோர் கப்பலேற்றிக் கூட்டிவந்த ஊர்தான் பிராண்ட்ஃபோர்டு. டெலிபோன் கருவானது அங்கே, பிறந்தது பாஸ்டனில் என்று அவரே சொல்லியிருக்கிறார். கிரெட்ஸ்கி 1961இல் அங்கேயே பிறந்தவர். கொல்லையில் தண்ணீரை உறையவிட்டு அப்பா அமைத்துக் கொடுத்த பனித்தளத்தில் பழகியவர். அந்த அப்பாவுக்கு உத்தியோகம், டெலிபோன் கம்பெனியில்!

என் ஆதங்கம் வேறு. மோஹாக் பழங்குடித் தலைவர் ஜோசப் பிராண்ட் ஆற்றைக் கடந்த துறை என்பதால்தான் ஊருக்கே அந்தப் பெயர். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷார் பக்கம் நின்று நிலமிழந்த, மோஹாக் உள்ளிட்ட ஆறு பழங்குடி இனத்தாருக்கு, கிராண்ட் ஆற்றின் இரு கரையிலும் ஆறாறு மைல் அகலத்துக்கு நிலம் தருவதாக 1784இல் எழுதிக்கொடுத்தார்கள். இன்று அதில் இருபதில் ஒரு பங்குகூட அவர்கள் கையில் இல்லை.

மாரத்தான் வீரர் டாம் லாங்போட் அந்த நிலத்துப் பிள்ளை. பழங்குடிக் குழந்தைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து அடைத்துவைத்த விடுதிப் பள்ளி ஒன்று பிராண்ட்ஃபோர்டில் இருந்தது. ஓயாமல் ஓட்ஸ் கூழையே ஊற்றியதால், ‘கூழ்க்குழி’ என்பது பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர். லாங்போட் அங்கிருந்து தப்பி ஓடினார். பிடித்துவந்து அடைத்தார்கள். மறுபடி ஓடினார். 1907இல் பாஸ்டன் மாரத்தானில் 2 மணி 24 நிமிடம் 24 நொடியில் முதலாவதாக வந்தார். முதல் உலகப் போரில், பிரான்சில், படைகளுக்குச் செய்தி சுமந்து ஓடினார். பிற்பாடு டொராண்டோ நகராட்சியில் துப்புரவு வேலை பார்த்தார். அந்தப் பள்ளியை 1970 வரை மூடவில்லை. நினைத்தால் வயிறு எரிகிறது.

அதே ஆற்றங்கரையில் 1861இல் பிறந்தவர் கவிஞர் போலின் ஜான்சன். அப்பா மோஹாக் தலைவர், அம்மா ஆங்கிலேயப் பெண். அவர் பிறந்த வீட்டுக்கு இரண்டு முகப்பு. படகில் வருபவர்களுக்கு ஆற்றைப் பார்த்து ஒன்று, வண்டியில் வருபவர்களுக்குச் சாலையைப் பார்த்து ஒன்று. இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. யாரும் கொல்லைப்புறமாக வர வேண்டியதில்லை.

உங்கள் பட்டியலில் போலினைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெல்லுக்கும் மேலே லாங்போட்டை எழுதுங்கள்.