டொயோட்டா 86 டிக்கியில் சப்வூஃபர்: எத்தனை இன்ச், என்ன பாக்ஸ்?

கேள்வி: துபாயில் 2017 மாடல் டொயோட்டா 86 வைத்திருக்கிறேன். டிக்கியில் சப்வூஃபர் போட ஆசை. கடையில் இரண்டு 12 இன்ச், போர்ட்டு பாக்ஸ் என்கிறார்கள். ஒரு 10 இன்ச் போதாதா? எந்த மாதிரி பாக்ஸ் நல்லது? கேட்பது பெரும்பாலும் தமிழ்ப் பாட்டுகள். டிக்கியை மொத்தமாக இழக்க மனமில்லை.

பதில்:

ஒரே ஒரு 10 இன்ச், சீல்டு பாக்ஸ், கோன் டிக்கியின் வாலைப் பார்த்தபடி. என் பதில் இதுதான். சீல்டு என்றால் காற்றுப் புகாமல் மூடிய பெட்டி, போர்ட்டு என்றால் காற்று போய்வர ஒரு குழாய் வைத்த பெட்டி, கோன் என்பது வூஃபர் ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் அசையும் கூம்பு. இரண்டு 12 இன்ச்சைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஷார்ஜாவில் நானும் இதே காரைத்தான் ஓட்டுகிறேன், லீவு நாட்களில் நண்பர்களுக்கு பாக்ஸ் அடித்துக் கொடுக்கும் பழக்கமும் உண்டு. அதனால் ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நிறையப் பேர் முதலில் வூஃபரை வாங்கிவிடுகிறார்கள், அப்புறம்தான் அதற்கு இடம் தேடுகிறார்கள். ஸ்போர்ட்ஸ் காரில் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். டிக்கியில் எத்தனை லிட்டரை விட்டுக்கொடுக்க முடியும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த லிட்டரில் எந்த வூஃபர் ஒழுங்காகப் பாடும் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

உங்கள் டிக்கி அமெரிக்கக் கணக்கில் 6.9 கன அடி, கிட்டத்தட்ட 195 லிட்டர். 12 இன்ச் வூஃபர் ஒன்றுக்குப் போர்ட்டு பாக்ஸ் என்றால் சுமார் 2 கன அடி, அதாவது 57 லிட்டர் சுத்தமான காற்று வேண்டும். இரண்டுக்கு 113 லிட்டர். போர்ட் அடைக்கும் இடம், வூஃபர் அடைக்கும் இடம், பலகையின் கனம் எல்லாம் சேர்ந்தால் வெளி அளவு 160 லிட்டரைத் தொடும். மிச்சத்தில் ஒரு லேப்டாப் பையை வைக்கலாம். பின் சீட்டை மடக்கினால் நாலு டயரை ஏற்றிக்கொண்டு டிராக்குக்குப் போகலாம் என்று டொயோட்டா பெருமையாகச் சொல்லிக்கொண்ட கார் இது! எடையும் இருக்கிறது: அந்த ஜோடி பாக்ஸ் 50 கிலோவைத் தாண்டும். 1,250 கிலோ சொச்சம் எடையுள்ள காரில், பின் ஆக்ஸிலுக்கு மேல் ஓர் ஆளை நிரந்தரமாக உட்கார வைத்த கதைதான்.

ஸ்பீக்கர் உலகில் 'ஹாஃப்மன் இரும்பு விதி' என்று ஒன்று உண்டு. அமெரிக்க ஸ்பீக்கர் கம்பெனியான கேஎல்ஹெச்சின் கடைசி எழுத்துக்குச் சொந்தக்காரரான ஹாஃப்மன் பெயரில் வழங்குவது. ஆழமான பேஸ், சின்னப் பெட்டி, குறைந்த பவரில் அதிகச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் எடுக்க முடியும். சின்னப் பெட்டி என்பதை உங்கள் டிக்கியே முடிவு செய்துவிட்டது. மீதி இரண்டில் ஆழத்தை எடுங்கள். சத்தக் குறைவை ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபையரில்) வாட்ஸ் கொடுத்துச் சரிக்கட்டிக்கொள்ளலாம், இன்றைக்கு அதிகம் சூடாகாத 'கிளாஸ் டி' வகை ஒற்றைச் சேனல் (மோனோ) ஆம்ப்கள் கையடக்கமாகவே வருகின்றன.

சரி, ஏன் சீல்டு? சீல்டு பாக்ஸில் அதன் ஒத்ததிர்வு அதிர்வெண்ணுக்கு (வூஃபரும் பெட்டியும் சேர்ந்து இயல்பாக அதிரும் இடம்) கீழே போகப் போக, அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு தடவையும் 12 டெசிபல் சத்தம் குறையும். காகிதத்தில் பார்த்தால் இது குறைதான். ஆனால் காருக்குள் எதிர்த் திசையில் இன்னொன்று நடக்கிறது. ஒலியலை நீளத்தின் பாதி, கேபினின் நீளத்தைத் தாண்டிவிட்டால், உள்ளே இருக்கும் காற்று முழுவதும் ஒன்றாக அமுங்கி ஒன்றாக விரியும். அப்போது கீழே இறங்க இறங்கச் சத்தம் கூடும், கணக்குப்படி அதே 12 டெசிபல் வேகத்தில். கேபின் கெயின் என்று சொல்வது இதைத்தான். இரண்டரை மீட்டர் கேபினில் இது 70 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஆரம்பிக்கும். கதவு, கண்ணாடி வழியாகக் கொஞ்சம் கசிவதால் நிஜத்தில் கணக்கு அளவுக்கு வராது. இருந்தாலும் பாக்ஸ் இழப்பதில் பெரும்பகுதியைக் கார் திருப்பிக் கொடுத்துவிடும். கார் எவ்வளவு சின்னதோ அவ்வளவு சீக்கிரம் இந்த உதவி ஆரம்பிக்கும். ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்களுக்குக் கிடைத்த ஒரே இடவசதிச் சலுகை இதுதான் என்று நினைக்கிறேன்.

போர்ட்டு பாக்ஸை 35 ஹெர்ட்ஸ் பக்கம் டியூன் செய்து (அதாவது போர்ட் அங்கே ஒத்ததிரும்படி அமைத்து) இதே கேபினில் வைத்தால், ஏற்கெனவே தூக்கலான இடத்தை இன்னும் தூக்கும். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே 'தொம்' கேட்கும். டியூனிங்குக்குக் கீழே கோனைப் பிடித்து நிறுத்தக் காற்றுமெத்தை இல்லாததால், மிகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் சப்சானிக் ஃபில்டர் போடாமல் விட்டால் கோன் அளவுக்கு மீறி ஆடிச் சேதமாகும். எலக்ட்ரானிக் இசை, ஹிப்ஹாப் மட்டும் கேட்பவர், பார்க்கிங்கில் நின்று அடுத்த காரை அதிர வைக்க ஆசைப்படுபவர் என்றால் போர்ட்டுக்கே போகலாம். சத்தம் நிச்சயம் அதிகம் கிடைக்கும்.

நீங்கள் கேட்பது தமிழ்ப் பாட்டு. நாலு தந்தி பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்தியில் 31. பழைய பாட்டுகளில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே தனியாக நடந்துபோகும் பேஸ் கிட்டாரை நல்ல சீல்டு பாக்ஸில் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக விழும். தவிலின் இடந்தலையும் உருமியின் இழுப்பும் அப்படித்தான், அடி விழுந்ததும் நின்றுவிட வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் குத்துப் பாட்டின் குத்து போய்விடும்.

அடுத்தது பாக்ஸை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது. வூஃபர் வாங்கும் செலவில் பாதியை வீணாக்குவதும் காப்பாற்றுவதும் இந்த இடம்தான். டிக்கியும் கேபினும் தனித்தனி அறைகள். நடுவில் பின் சீட்டும் பார்சல் தட்டும் நிற்கின்றன. பாக்ஸை டிக்கியின் முன்பக்கம், சீட்டைப் பார்த்து வைத்தால் ஒலி இரண்டு வழியாகப் போகும். ஒன்று நேராகக் கேபினுக்கு. இன்னொன்று பின்னால் போய், டிக்கியின் வால் சுவரில் மோதித் திரும்பி வரும். அந்தச் சுவர் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் திரும்பும் அலை இரண்டு மீட்டர் அதிகம் நடந்திருக்கும். அது 86 ஹெர்ட்ஸில் சரியாக அரை அலை நீளம், ஒன்றை ஒன்று அடித்துத் தின்றுவிடும். அதே வூஃபரை வால் சுவரிலிருந்து 20 சென்டிமீட்டரில் வைத்தால் இந்தச் சண்டை 430 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். அங்கே சப்வூஃபருக்கு வேலையே இல்லை. அதனால் பாக்ஸ் பின்னால், கோன் வாலைப் பார்த்து. கோனுக்கு முன்னால் ஒரு கையகலமாவது இடம் விடுங்கள்.

இதைச் சோதிப்பது சுலபம். கடையிலோ நண்பரிடமோ ஒரு பாக்ஸைக் கடன் வாங்குங்கள். போனில் 40, 50, 60, 80 ஹெர்ட்ஸ் டோன்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு டிரைவர் சீட்டில் உட்காருங்கள். ஒருவர் பின்னாலிருந்து பாக்ஸைத் திருப்பித் திருப்பி வைக்கட்டும், ஒவ்வொரு முறையும் டிக்கியை மூட வேண்டும். அப்புறம் பின் சீட்டை மடக்கிவிட்டுக் கேளுங்கள். 86-இல் அது ஒரே பலகையாக மடங்குவதால் வித்தியாசம் உடனே தெரியும், இன்னொரு வூஃபரைச் சேர்த்தது போல இருக்கும். ஆள் உட்கார லாயக்கில்லாத அந்தப் பின் சீட்டை நான் எப்போதும் மடக்கியேதான் வைத்திருக்கிறேன்.

பாக்ஸ் அளவுக்கு வருவோம். 10 இன்ச் சீல்டுக்குப் பொதுவாக 18 முதல் 24 லிட்டர் போதும். கம்பெனி தரும் தாளில் சிபாரிசு அளவு இருக்கும், அதை நம்புங்கள். நீங்களே சரிபார்க்க வேண்டுமென்றால் அதே தாளில் கியூடிஎஸ் (கோன் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதன் அளவு), விஏஎஸ் (கோனின் தொங்கலுக்குச் சமமான விறைப்புள்ள காற்றின் லிட்டர்) என்ற எண்கள் இருக்கும். 1961-இல் ஆஸ்திரேலியப் பொறியாளர் தீல் ஆரம்பித்து, 70களில் ஸ்மால் முடித்துக் கொடுத்த கணக்கு அது. விஏஎஸ்ஸைப் பெட்டியின் லிட்டரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, கியூடிஎஸ்ஸால் பெருக்குங்கள். விடை 0.7 என்றால் சமமான ஒலி, 0.9 வரை கொஞ்சம் கொழுப்பு, ஒன்றைத் தாண்டினால் உப்பலான பேஸ். கியூடிஎஸ் 0.5, விஏஎஸ் 30 லிட்டர் உள்ள வூஃபர் 30 லிட்டர் பெட்டியில் 0.71 தரும், அதையே 15 லிட்டரில் அடைத்தால் 0.87. இடமில்லை என்றால் இரண்டாவதையும் தாராளமாக ஏற்கலாம்.

ஆசாரியிடம் அளவு சொல்லும்போது உள் அளவா வெளி அளவா என்று தெளிவாகச் சொல்லுங்கள். 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் வெளியே 45, 32, 26 சென்டிமீட்டர் என்றால் கணக்கில் 37 லிட்டர் வரும். உள்ளே மிஞ்சுவது 26 லிட்டர்தான். மீதி பலகைக்குப் போனது. வூஃபரின் காந்தம், கூடு எல்லாம் இன்னும் இரண்டு மூன்று லிட்டரை எடுத்துக்கொள்ள, கையில் இருப்பது 23, 24. இந்தப் பெட்டி மட்டும் எட்டுக் கிலோ இருக்கும், வூஃபர், ஆம்ப் சேர்த்தால் 18 கிலோவுக்குள் முடித்துவிடலாம். பர்ச் பிளைவுட் போட்டால் எடை இன்னும் கொஞ்சம் குறையும், விலை ஏறும். மூலைகளில் பசை, ஸ்க்ரூ, உள்பக்கம் சுற்றிலும் சிலிக்கான் என்று மூன்றும் வேண்டும். சீல்டு பாக்ஸில் ஊசிமுனை ஓட்டைகூட 'உஸ்' என்று காட்டிக் கொடுத்துவிடும். உள்ளே தலையணைப் பஞ்சைத் தளர்வாக நிரப்பினால் வூஃபருக்குப் பெட்டி பத்து சதவீதமாவது பெரிதானது போலத் தோன்றும். இடம் குறைந்தவர்களுக்கு இது கிட்டத்தட்ட இலவசம்.

பலகையை வெட்டும் முன் அதே அளவில் ஓர் அட்டைப்பெட்டி செய்து டிக்கிக்குள் விட்டுப் பாருங்கள். இந்த வகைக் கார்களின் டிக்கி வாய் சிறுத்த குடம் மாதிரி, உள்ளே இடம் இருக்கும், உள்ளே நுழையத்தான் வழி இருக்காது. மூடியின் கீல் கைகள் மூடும்போது எங்கே இறங்குகின்றன என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஃபைபர் கிளாஸ் பாக்ஸ் கேட்பவர்களும் உண்டு. சக்கரக் கூட்டுக்குப் பின்னால் இருக்கும் கோணல் மூலையில் அச்செடுத்துச் செய்வது, பார்க்க அழகு, டிக்கியின் தரை காலியாகவே இருக்கும். கை தேர்ந்தவர் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. கொள்ளளவை எப்படி அளப்பது என்று மட்டும் கேளுங்கள். தெர்மாகோல் மணிகளைக் கொட்டி நிரப்பி, லிட்டர் குவளையால் அளந்து எடுக்கிறேன் என்றால் வேலை தெரிந்தவர். 'ஒரு குத்துமதிப்பா வரும் சார்' என்றால் அடுத்த கடை. காந்தம் இடிக்கும் என்றால் ஷாலோ மவுண்ட் என்ற ஆழம் குறைந்த வூஃபர்கள் இருக்கின்றன. சாதாரண 10 இன்ச் 13 முதல் 17 சென்டிமீட்டர் ஆழம் கேட்கும், இவை ஒன்பதுக்குள் அடங்கும். ஜேஎல் ஆடியோ, கிக்கர், ராக்ஃபோர்ட் ஃபாஸ்கேட் எல்லாரிடமும் உண்டு. ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியில் பாக்ஸ் வைக்கும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. ஆகஸ்ட் மாதத்து ஹத்தா ரோட்டில் டயர் போனால் பேஸ் உதவாது.

வயரிங் பற்றிக் கொஞ்சம். பெட்டிமேல் பெரிதாக அச்சடித்த 'மேக்ஸ்' வாட்ஸை மறந்துவிட்டு ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் பவர்) மட்டும் பாருங்கள், 400 முதல் 500 ஆர்எம்எஸ் உங்களுக்குத் தாராளம். 500 வாட்ஸ் கிளாஸ் டி ஆம்ப் முழு வீச்சில் 45 ஆம்பியர் வரை இழுக்கும், ஆகவே சுத்தச் செம்பில் 4 கேஜ் வயர். செம்பு முலாம் பூசிய அலுமினியத்தை அதே விலைக்குத் தலையில் கட்டுவார்கள், நுனியைச் சுரண்டிப் பாருங்கள். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் கட்டாயம், அது வயரைத் தீப்பிடிக்காமல் காக்க. எர்த்தைப் பெயின்ட் சுரண்டிய உலோகத்தில், முடிந்த அளவு குட்டையாகக் கொடுங்கள். டூயல் 4 ஓம் (4 ஓம் சுருள் இரண்டு உள்ள) வூஃபரை பேரலலில் கட்டினால் 2 ஓம், சீரிஸில் 8. ஆம்ப் எதைத் தாங்கும் என்று பார்த்து வாங்குங்கள். மேல் ஒலிகளை வெட்டும் லோ பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து, கோனின் அசைவைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்து, டிரைவர் சீட்டில் எது கனமாகக் கேட்கிறதோ அதை வையுங்கள். பின்னாளில் இந்தக் காரின் அடுத்த தலைமுறையான ஜிஆர் 86-க்கு மாறினால் ஒரு விஷயம்: அதில் எஞ்சின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாகவும் விடுகிறார்கள். ஸ்பீக்கர் வயரிலிருந்து சிக்னல் எடுத்தால் அந்தப் போலி உறுமலும் சப்வூஃபருக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

ஆம்ப்பை பாக்ஸ் மேலேயே திருகாதீர்கள், அதிர்விலும் சூட்டிலும் சீக்கிரம் போகும். நம்மூர் வெயிலில் மூடிய டிக்கிக்குள் அது தானாக அணைந்து அணைந்து எரிவதைப் பார்த்திருக்கிறேன். பின் சீட்டின் முதுகுத் தகட்டில், சுற்றிலும் காற்று போகிற மாதிரி மாட்டுங்கள்.

எல்லாம் முடிந்து பாட்டைப் போட்டதும் முதலில் ஆடுவது நம்பர் பிளேட்தான். பின்னால் ஒரு துண்டு ஃபோம் டேப் ஒட்டினால் அடங்கும். டிக்கி மூடிக்கும் பார்சல் தட்டுக்கும் அதிர்வை அடக்கும் பியூட்டைல் ஷீட் போடுங்கள், காரின் வேறு எங்கும் இப்போதைக்கு வேண்டாம். பாக்ஸை எல் கிளாம்ப் போட்டுத் தரையோடு போல்ட் செய்யாமல் மட்டும் ஓட்டாதீர்கள். சடன் பிரேக்கில் 15 கிலோ மரப்பெட்டிக்கும் உங்கள் முதுகுக்கும் நடுவே ஒரு மெல்லிய சீட் பலகைதான் இருக்கும், என்னைப் போல அதை மடக்கி வைத்திருந்தால் அதுவும் இருக்காது.